லண்டன்ல இருந்து பர்மிங்ஹாம் வரைக்கும் போட்ல போகணுமா, முதல்ல எங்க இருந்து கிளம்பணும்னு முடிவு பண்ணுங்க

லண்டன்ல இருந்து பர்மிங்ஹாமுக்கு ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, கார்ல ரெண்டரை மூணு மணி நேரம், கிராண்ட் யூனியன் கால்வாய்ல போட்ல போனா ரெண்டு வாரம். இந்த ரெண்டு வாரம்ங்கறத முதல்ல மனசுக்குள்ள ஏத்திக்கோங்க. லீவு ஏழு நாள்தான் இருக்கு, எப்படியாவது ஓட்டிடலாம்னு நினைச்சு கிளம்பினவங்க எத்தனையோ பேர் வழியிலயே நொந்துபோய் நின்னதப் பாத்திருக்கேன், எங்க முதல் ட்ரிப்பும் அப்படித்தான் பாதியில நின்னுச்சு. அதனாலதான் இத எழுதறேன், நம்ம ஆளுங்க இங்க இவ்ளோ பேர் இருக்கோம், வீட்டுக்குப் பின்னாடியே கால்வாய் ஓடுது, ஆனா அதுல போட் எடுத்துட்டுப் போகலாம்னு யோசிக்கறவங்க ரொம்ப கம்மி.

கணக்கு எப்படி போடறதுன்னா, மைல வெச்சு மட்டும் போடாதீங்க. போட்காரங்க எல்லாரும் சொல்ற ஒரு கணக்கு இருக்கு, எத்தனை மைலோ அதோட எத்தனை லாக் (போட்ட ஏத்தி இறக்கற தண்ணித்தொட்டி, கீழ விவரமா சொல்றேன்) இருக்கோ அதையும் கூட்டுங்க, மொத்தத்த மூணால வகுங்க, அவ்ளோ மணி நேரம் ஆகும். தேம்ஸ் பக்கம் பிரென்ட்ஃபோர்ட்ல ஆரம்பிச்சு பர்மிங்ஹாம் வரைக்கும் 137 மைல், 166 லாக். கூட்டினா 303, மூணால வகுத்தா 101 மணி நேரம். ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம் ஓட்டினா பதினாலு பதினஞ்சு நாள். ஸ்பீடு லிமிட் மணிக்கு 4 மைல்தான், நிறுத்தி வெச்சிருக்கற போட்ட எல்லாம் தாண்டும்போது அதுக்கும் கீழ குறைக்கணும், அதனால வேகமா ஓட்டி டைம் பிடிக்கலாம்ங்கற பேச்சுக்கே இடமில்ல. குழந்தைங்க இருந்தா ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல ப்ளான் போடாதீங்க.

லாக்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: கால்வாய் மேடு ஏற வேண்டிய இடத்துல ரெண்டு பக்கமும் கனமான கதவு வெச்சு ஒரு பெரிய தொட்டி கட்டியிருப்பாங்க, போட் உள்ள போனதும் கதவ மூடி, தண்ணிய விட்டா போட் மேல ஏறும், தண்ணிய எடுத்தா கீழ இறங்கும். மோட்டார் கிடையாது, எல்லாம் நம்ம கையாலதான். மெட்ராஸ்ல வளர்ந்தவங்களுக்கு இது புதுசு இல்ல, நம்ம பக்கிங்ஹாம் கால்வாய்லயும் லாக் இருந்துச்சு, ஆந்திராவுல பெத்தகஞ்சம் பக்கத்துல இருந்து மரக்காணம் பக்கம் வரைக்கும் 420 கி.மீ. உப்பும் விறகும் போட்ல போன வழி அது, இன்னிக்கு மயிலாப்பூர்ல அது மேல பறக்கும் ரயில் தூண் நிக்குது. இங்கயும் 1960கள்லயே சரக்கு போக்குவரத்து கிட்டத்தட்ட நின்னுபோச்சு, ஆனா ஜனங்க விடாப்பிடியா சண்டை போட்டு, கையால தூர் வாரி, கால்வாய உயிரோட வெச்சிருக்காங்க. அத நினைக்கும்போது எல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

சரி, எங்க இருந்து கிளம்பறது. இதுதான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். மேப்பப் பாத்தா பிரென்ட்ஃபோர்ட்தான் ஆரம்பம்னு தெரியும், முறைப்படி அதுதான் சரியும்கூட. எங்களுக்கும் அங்க இருந்து கிளம்பச் சொல்லித்தான் ஒருத்தர் ப்ளான் போட்டுக் கொடுத்தாரு. ஆனா அங்க முதல் ஆறு மைலுக்குள்ள 12 லாக் இருக்கு, அதுல ஹான்வெல்ல மட்டும் 6 லாக் ஒண்ணு மேல ஒண்ணா படிக்கட்டு மாதிரி வரும். போட்ட நேரா ஓட்டவே இன்னும் வராத அன்னிக்கு, லாக் கதவ எப்படி தள்றதுன்னே தெரியாத அன்னிக்கு, 12 லாக். சாயங்காலம் என் மனைவிக்கு மணிக்கட்டு வீங்கிப்போச்சு, ஒன்பது வயசு பொண்ணு பயந்துபோய் கேபின்ல போய் உக்காந்துட்டா, அடுத்த ரெண்டு நாள் போட்ட எங்கயும் நகத்தல. அப்புறம் திரும்பித்தான் வந்தோம்.

ரெண்டாவது தடவை லிட்டில் வெனிஸ்ல இருந்து கிளம்பினோம், எல்லாமே மாறிப்போச்சு. பேடிங்டன் ஸ்டேஷன் பக்கத்துலதான் அந்த இடம். அங்க இருந்து பேடிங்டன் கிளை கால்வாய் 1801ல திறந்தது, பதிமூணரை மைல், ஒரு லாக்கூட கிடையாது. ஹேய்ஸ் பக்கத்துல புல்ஸ் பிரிட்ஜ்ல மெயின் கால்வாயோட சேரும், வலது பக்கம் திரும்பினா கௌலி லாக் வரைக்கும் இன்னும் ஒரு அஞ்சரை மைல், அதுலயும் லாக் இல்ல. மொத்தம் சுமார் 19 மைல் தண்ணி ஒரே மட்டத்துல படுத்திருக்கு. இத ரெண்டு நாளா பிரிச்சு ஓட்டுங்க. இந்த ரெண்டு நாள்ல நீங்க கத்துக்க வேண்டியது போட்ட ஓட்டறது, நிறுத்தறது, கட்டறது, தண்ணி பிடிக்கறது, இதுமட்டும்தான். லாக் மூணாவது நாள் பாத்துக்கலாம். தூரம் ஏழெட்டு மைல் கூடும், லாக் 12 குறையும், மொத்த மணிக்கணக்கு கிட்டத்தட்ட அதேதான். லண்டன் நடுவுல சில இடத்துல நிறுத்தறதுக்கு முன்னாடியே காசு கட்டி புக் பண்ணணும், அத மட்டும் பாத்துக்கோங்க.

போட் எது? இந்த ஊர்ல நேரோபோட்னு சொல்றது 6 அடி 10 அங்குலம் அகலம், நீளம் 70 அடி வரைக்கும் இருக்கும், ஸ்டீல், எடை பதினஞ்சு டன்னுக்கு மேல. நாலு பேருக்கு 57 அடி நல்ல சைஸ், நாங்க போனது நண்பரோட 57 அடி போட்ல. வாடகைக்கு எடுத்தா லைசென்ஸ், இன்சூரன்ஸ், பாதுகாப்பு சர்டிஃபிகேட் எல்லாம் அவங்க பொறுப்பு, உங்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் மாதிரி எதுவும் தேவையில்ல. ஆனா ஒரு வழி மட்டும் வாடகைக்கு விடறவங்க ரொம்ப கம்மி, எடுத்த இடத்துலயே திருப்பி விடணும், அப்போ ஒரு வாரம்னா மூணரை நாள் போய் மூணரை நாள் வரணும். திரும்பறதுக்கும் எல்லா இடத்துலயும் முடியாது, கால்வாய் அகலத்த விட போட் நீளம், அதுக்குன்னு கரைய வெட்டி அகலப்படுத்தின இடம் மேப்ல குறிச்சிருக்கும், வின்டிங் ஹோல்னு சொல்வாங்க, அது எங்க இருக்குன்னு பாக்காம ப்ளான் போடாதீங்க. சொந்த போட், நண்பர் போட்னா லைசென்ஸ் கெனால் அண்ட் ரிவர் ட்ரஸ்ட்கிட்ட வாங்கணும், 2012ல இருந்து அவங்கதான் 2000 மைல் நீர்வழிய பாத்துக்கறாங்க, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்பு சோதனையும் இன்சூரன்ஸும் கட்டாயம், உங்க பேர் அந்த இன்சூரன்ஸ்ல கவர் ஆகுதான்னு வாயால கேட்டா போதாது, பேப்பர பாருங்க.

எப்போ போறது? மே, ஜூன், இல்லன்னா செப்டம்பர். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் லாக் எல்லாம் ரிப்பேருக்காக மாத்தி மாத்தி மூடுவாங்க. கோடையில வேற பிரச்சனை, தண்ணி. கால்வாயோட உச்சி ட்ரிங் மேட்டுல இருக்கு, அங்க மேல ஏறற ஒவ்வொரு போட்டும் இறங்கற ஒவ்வொரு போட்டும் ஒரு லாக் தண்ணிய கீழ தள்ளிவிடும், அத ஈடுகட்டத்தான் ட்ரிங்ல நாலு ஏரி வெட்டி வெச்சிருக்காங்க. 2022லயும் 2025லயும் மழை இல்லாம நாட்டுல பல கால்வாய மூடவே வேண்டியதாச்சு. அதனால கிளம்பறதுக்கு முந்தின வாரமும், கிளம்பற அன்னிக்கு காலையிலயும் ட்ரஸ்ட் வெப்சைட்ல மூடல் அறிவிப்ப பாருங்க.

இனி ஓட்டறது. டில்லர்னு பின்னாடி ஒரு கம்பி இருக்கும், அத இடது பக்கம் தள்ளினா போட் வலது பக்கம் போகும். அரை மணி நேரத்துல கைக்கு பழகிடும். பழகாதது என்னன்னா போட் நடுவுல ஒரு ஆணி அடிச்சு சுத்தற மாதிரி திரும்பும், மூக்கு இடது பக்கம் போனா வால் வலது பக்கம் வீசும், நீங்க நிக்கறது வால்ல, அதனால மூக்க மட்டும் பாத்துக்கிட்டே இருந்தா வால் போய் அடுத்தவன் போட்ட இடிக்கும். பிரேக் கிடையாது, ரிவர்ஸ் போட்டுத்தான் நிறுத்தணும், ரிவர்ஸ்ல டில்லர் கிட்டத்தட்ட வேலையே செய்யாது. எதிர்ல போட் வந்தா நீங்க வலது பக்கம் ஒதுங்கணும், இந்த ஊர் ரோட்டுக்கு நேர் எதிர், ரோட்டுல இடது பக்கம் ஓட்டி பழகின கை தானா தப்பு பண்ணும். வேற யாரும் வரலன்னா நடுவுலயே போங்க, ஓரத்துல ஆழம் கம்மி, வளைவுல உள் பக்கம் மண் சேர்ந்திருக்கும், தரை தட்டும்.

கரையில இடிக்கப் போகுதுன்னா இடிக்கட்டும். காலையோ கையையோ நீட்டி தடுக்க நினைக்காதீங்க, நடுவுல மாட்டின கால் பதினஞ்சு டன் எடைக்கு தாங்காது. பசங்க காலு போட்டுக்கு வெளிய தொங்கக்கூடாது, கேபின் கூரை மேல யாரும் உக்காரக்கூடாது, பாலம் ரொம்ப தாழ்வா வரும். நீச்சல் தெரியாதவங்களும் குழந்தைங்களும் லைஃப் ஜாக்கெட்ட வெளிய இருக்கற நேரம் முழுக்க போட்டிருக்கணும். யாராவது விழுந்துட்டா முதல் வேலை எஞ்சின நியூட்ரலுக்கு கொண்டு வர்றது, ரிவர்ஸ் போடாதீங்க, ப்ரொப்பெல்லர் அவங்க பக்கம் இருக்கலாம். கால்வாய் பல இடத்துல இடுப்பளவு, நெஞ்சளவுதான், எழுந்து நில்லுன்னு கத்துங்க. நீங்க குதிக்காதீங்க. லாக்குக்குள்ள மட்டும் ஆழம் வேற, அங்க விழுந்தா பேடில (லாக்ல தண்ணிய திறந்து மூடற அடைப்பு) எல்லாத்தையும் உடனே மூடணும். கால்வாய் தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், கை கழுவாம முறுக்கு எடுத்து சாப்பிடற பழக்கத்த இந்த ரெண்டு வாரம் விட்டுடுங்க, கையில வெட்டுக்காயம் இருந்தா மூடி கட்டுங்க.

லிட்டில் வெனிஸ்ல இருந்து ரெண்டு மூணு மணி நேரத்துல ஆல்பர்ட்டன் வரும். அதுக்கு கொஞ்சம் முன்னாடி நார்த் சர்குலர் ரோட்டுக்கு மேல கால்வாய் பாலமா போகுது, கீழ கார் எல்லாம் நெரிசல்ல நிக்கும், நீங்க மேல தண்ணியில போவீங்க, என் பொண்ணு அந்த இடத்துலதான் முதல் தடவை சிரிச்சா. ஆல்பர்ட்டன்ல போட்ட கட்டிட்டு ஈலிங் ரோட்டுல இறங்கிடுங்க, ஈழபதீஸ்வரர் கோயில் நடந்து போற தூரம், கறிவேப்பிலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தோசை மாவு எல்லாம் அங்கயே வாங்கிடுங்க, அப்புறம் இந்த அளவுக்கு கிடைக்கற இடம் வழியில சுலபமா வராது. ஒரு வேண்டுகோள், அந்தப் பக்கம் தண்ணியில பூஜை தேங்காயும் துணியும் மிதக்கறத பாப்பீங்க, பக்தியில விட்டதுதான், ஆனா துணி ப்ரொப்பெல்லர்ல சுத்திக்கிட்டா போட் நின்னுடும், தெரிஞ்சவங்ககிட்ட சொல்லுங்க.

சுத்திக்கிட்டா என்ன பண்றது? பின்னாடி ப்ரொப்பெல்லருக்கு நேர் மேல வீட் ஹேட்ச்னு ஒரு மூடி இருக்கும், எஞ்சின ஆஃப் பண்ணி, சாவிய எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டு, அப்புறம்தான் மூடிய திறந்து கைய உள்ள விடணும். வெட்டி எடுத்ததும் மூடிய இறுக்கி மூடினோமான்னு ரெண்டு தடவை பாருங்க, சரியா மூடாம எஞ்சின ஸ்டார்ட் பண்ணா தண்ணி உள்ள பீச்சி போட்டே மூழ்கும். தினமும் காலையில ஆயில் பாக்கறது, ப்ரொப்பெல்லர் தண்டுக்கு க்ரீஸ் பிடிய ஒரு சுத்து சுத்தறது, இது பத்து நிமிஷ வேலை.

சமையல பத்தி நிறைய பேர் கேட்டாங்க. கேஸ் அடுப்பு இருக்கும், குக்கர் கொண்டு போங்க. எலக்ட்ரிக் ரைஸ் குக்கர், மிக்ஸி எல்லாம் வீட்டுலயே விட்டுடுங்க, இன்வெர்ட்டர் தாங்கினாலும் பேட்டரி காலியாகிடும். பொடி வகை எல்லாம் வீட்டுலயே அரைச்சு டப்பால எடுத்துக்கோங்க, தேங்காய் துருவி ஃப்ரீஸ் பண்ணி எடுத்துட்டு வந்தா முதல் ரெண்டு நாளைக்கு வரும். மாவு புளிக்க குளிர்ல கஷ்டம், ஓட்டி முடிச்சதும் எஞ்சின் சூடு பின் பக்கம் ராத்திரி வரைக்கும் இருக்கும், நகராத இடமா பாத்து பாத்திரத்த அங்க வெச்சா காலையில பொங்கி நிக்கும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்யுதான்னு பட்டன அமுக்கிப் பாக்காம முதல் ராத்திரி தூங்காதீங்க, குளிருக்கு அடுப்ப எரியவிட்டு தூங்கினவங்க காலையில எழுந்திருக்கல.

தண்ணி டேங்க் சில நூறு லிட்டர்தான், நாலு பேர் குளிச்சா ரெண்டு நாள்ல முடிஞ்சிடும், தண்ணி பைப் பாத்த இடத்துல எல்லாம் நிரப்பிடுங்க, முக்கால் மணி நேரம் ஆகும், அந்த நேரத்துல சமைச்சிடலாம். டாய்லெட் நாமளே கழட்டி எடுத்துப்போய் கொட்டற கேசட்டா, உறிஞ்சி எடுக்கற டேங்க்கான்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. தண்ணி பைப்புக்கும் கேசட் கொட்டற இடத்துக்கும் ட்ரஸ்ட் சாவி ஒண்ணு வேணும், அது இல்லாம கிளம்பாதீங்க. இருட்டறதுக்கு முன்னாடி டோபாத் பக்கமா, அதாவது நடைபாதை பக்கமா கட்டிடணும். பலகை எதுவும் வேற சொல்லலன்னா ஒரே இடத்துல 14 நாள் வரைக்கும் நிக்கலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல எஞ்சின் ஓடக்கூடாது, பக்கத்து போட்ல ஆளுங்க தூங்கறாங்க.

இப்போ லாக். கௌலியில இருந்து ட்ரிங் உச்சி வரைக்கும் 25 மைலுக்கும் கம்மியான தூரத்துல 40க்கு மேல லாக், எல்லாமே ஏத்தம். ஏத்தம் முதல்ல வர்றது உங்க நல்ல நேரம், ஏன்னா ஏறும்போது தண்ணி முரட்டுத்தனமா இருக்கும், சத்தம் பயமா இருக்கும், ஆனா உண்மையான ஆபத்து இறக்கத்துலதான். விண்ட்லாஸ்னு எல் மாதிரி ஒரு கைப்பிடி, அதால சுத்தினா பேடில் மேல வந்து தண்ணி பாயும். ஏறும்போது போட்ட பின்னாடி தள்ளி நிறுத்திட்டு, நிலத்துக்கு அடியில வழி வெச்சிருக்கற பேடில முதல்ல திறங்க, அதுவும் போட் நிக்கற பக்கமே இருக்கறத, பாதி திறந்து நிறுத்துங்க. தண்ணி போட்டுக்கு அடியில போய் எதிர் சுவத்துல மோதி திரும்பி வந்து போட்ட இந்த சுவத்தோட ஒட்டி வெச்சிடும். கதவுல இருக்கற பேடில முதல்லயே திறந்தா தண்ணி அருவி மாதிரி நேரா முன் டெக்ல கொட்டும். போட் மூக்கு கதவு கட்டைக்கு அடியில மாட்டாம டில்லர்காரர் பாத்துக்கிட்டே இருக்கணும். விண்ட்லாஸ எப்பவும் தண்டுல மாட்டி விட்டுட்டு கைய எடுக்காதீங்க, கொக்கி வழுக்கினா அது சுழண்டு எலும்ப உடைக்கும். பொறுமையா சுத்துங்க. டெனாம்ல ஒரு லாக் 11 அடிக்கு மேல ஆழம், அத பாத்து பயப்படாதீங்க, வேலை அதேதான், நேரம்தான் கொஞ்சம் கூட.

இறங்கும்போது மேல் கதவுக்கு அடியில 'சில்' (cill) அப்படின்னு சொல்ற ஒரு கல் திண்டு உள்பக்கமா நீட்டிக்கிட்டு இருக்கும், தண்ணி நிரம்பியிருக்கும்போது கண்ணுக்கே தெரியாது, கரையில வெள்ளைக்கோடு மட்டும் போட்டிருப்பாங்க. போட்டோட வால் அந்தக் கோட்டுக்கு முன்னாடிதான் இருக்கணும். ட்ரிங் தாண்டினதும் மார்ஸ்வொர்த்ல ஏழு லாக் இறக்கம், மூணாவது லாக்ல காத்து எங்க போட்ட மெதுவா பின்னாடி தள்ளிடுச்சு, டில்லர்ல நின்ன மச்சான் கைய உசத்தி கத்தினாரு, நான் என்ன ஏதுன்னு கேக்காம கீழ் பேடில இறக்கி மூடினேன், ரெண்டு விரக்கடை போட் ஏற்கனவே சாஞ்சிருந்துச்சு. திண்டுல வால் உக்காந்துட்டா, தண்ணி இறங்க இறங்க மூக்கு மட்டும் கீழ போய் சில நிமிஷத்துல போட் மூழ்கும். செய்ய வேண்டியது இதான்: கீழ் பேடில மூடு, அப்புறம் மேல் பேடில மெதுவா திறந்து தண்ணிய நிரப்பு, போட் தானா மிதந்துடும். கத்தறதுக்கு பதிலா ஒரு கை சைகைய முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க, ஒரு கை உசந்தா எல்லாத்தையும் நிறுத்தணும், எஞ்சின் சத்தத்துலயும் தண்ணி சத்தத்துலயும் பேச்சு கேக்காது. கயிற எங்கயும் முடிச்சு போட்டு கட்டாதீங்க, தூண்ல ஒரு சுத்து சுத்தி கையிலயே பிடிங்க, கட்டிட்டா தண்ணி இறங்கும்போது போட் தொங்கும். வெளிய போகும்போது கதவு, பேடில் எல்லாத்தையும் மூடிட்டுப் போங்க.

இதுக்கு அப்புறம் வழியில பெரிய விஷயம்னா மில்டன் கீன்ஸ் பக்கம் கிட்டத்தட்ட லாக்கே இல்லாத நீளமான பாதை, ப்ளிஸ்வொர்த்ல 2.8 கி.மீ. சுரங்கம், பர்மிங்ஹாம் நெருங்கும்போது ஹாட்டன்ல 21 லாக் வரிசையா 45 மீட்டர் ஏத்தம். சுரங்கத்துல ரெண்டு நேரோபோட் எதிரெதிரா போகலாம், ஹெட்லைட் போடணும், மேல இருந்து தண்ணி சொட்டும், ரெயின்கோட் போட்டுக்கோங்க. அதெல்லாம் வர்றதுக்குள்ள நீங்க எத்தனையோ லாக் தாண்டியிருப்பீங்க, யாரும் சொல்லித்தர வேண்டியதே இருக்காது.

மூணாவது நாள் காலையில எட்டரை மணிக்கு கௌலி லாக் முன்னாடி போய் நில்லுங்க. இந்தப் பாதையில பர்மிங்ஹாம்கிட்ட கடைசியில வர்ற சில லாக் தவிர மத்ததெல்லாம் ரெண்டு போட் பக்கத்துல பக்கத்துல நிக்கற அகலம், வடக்குப் பக்கம் குறுகலா இருந்ததுல பெரும்பாலானதுக்கு பதிலா 1930கள்ல அகலமா புதுசு கட்டிட்டாங்க. அதனால உடனே உள்ள போகாதீங்க, பின்னாடி ஏதாவது போட் வருதான்னு ஒரு பத்து நிமிஷம் பாருங்க. வந்தா, எங்களுக்கு இதுதான் முதல் லாக், சேர்ந்து போலாமான்னு கேளுங்க. தண்ணியும் பாதி மிச்சம், கதவ தள்ள கையும் கூட. நாங்க கேட்டப்போ வந்தது தனியா போட் ஓட்டற ஒரு வயசான அம்மா, எங்க பொண்ணு கையில விண்ட்லாஸ கொடுத்து, இப்படி நில்லு, இந்தக் கால இங்க வைன்னு காட்டிக்கொடுத்தாங்க, அதுக்கப்புறம் பதினொரு லாக் வரைக்கும் அவங்க கூடவே வந்தாங்க.